பெயர் சொல்லிக் கேட்ட கணினி

வீட்டு அலமாரியில் 2004-ஆம் ஆண்டு வாங்கிய டிஜிட்டல் கேமரா ஒன்று கிடக்கிறது என்று வைத்துக்கொள்வோம். கேமராவுக்கு ஒரு குறையும் இல்லை. அதன் மெமரி கார்டுதான் தொலைந்துவிட்டது. கடைக்குப் போய் 32 ஜிபி எஸ்டி கார்டு ஒன்று வாங்கி வந்து செருகுகிறோம். அளவு அப்படியே பொருந்துகிறது. ஆனால் கார்டில் பிழை என்கிறது திரை. கடைக்காரரிடம் திரும்பப் போனால், "பழைய கேமரா சார், புது கார்டை எடுக்காது" என்கிறார். நாமும் ஒப்புக்கொண்டு வந்துவிடுகிறோம்.

அதே 32 ஜிபி கார்டை, 1982-இல் வெளிவந்த கமடோர் 64 என்ற வீட்டுக் கணினி படித்துவிடுகிறது. இடையில் தீப்பெட்டி அளவுள்ள ஒரு சிறு பலகை வேண்டும், அவ்வளவுதான். கணினியைப் பிரிக்க வேண்டாம், உள்ளே ஒரு சிப்பைக்கூட மாற்ற வேண்டாம்.

கமடோர் நிறுவனம் 1994-இல் திவாலானது. எஸ்டி கார்டு என்ற பொருளே 1999-இல்தான் அறிவிக்கப்பட்டது. தன்னைச் செய்தவர்கள் கடையை மூடி ஐந்து ஆண்டு கழித்துப் பிறந்த கார்டை அந்தக் கணினிக்கு எப்படித் தெரிந்தது? அதைவிட 22 ஆண்டு இளைய கேமராவுக்கு ஏன் தெரியவில்லை? இந்த இரண்டு கேள்விகளுக்கும் பதில் ஒன்றுதான். அதைப் படிப்படியாகப் பார்ப்போம்.

நீலத் திரையும் 38,911 பைட்டும்

கமடோர் 64 பார்ப்பதற்குத் தடித்த தட்டச்சுப் பலகை போல இருக்கும். தனித் திரை கிடையாது. வீட்டு டிவியில் இணைக்க வேண்டும். சுவிட்சைப் போட்டால் நீலத் திரை வரும். அதில் 38,911 பைட் காலியாக இருக்கிறது என்று ஒரு வரி தெரியும். நிரல் எழுத நமக்குக் கிடைக்கும் இடம் அதுதான். இன்று செல்பேசியில் எடுக்கும் 3 எம்பி புகைப்படம் ஒன்றே அதைப்போல 77 மடங்கு பெரியது. இந்தச் சின்ன இடத்தை வைத்துக்கொண்டு ஒரு கோடிக்கும் மேற்பட்ட வீடுகளில் விளையாட்டும் இசையும் கணக்கும் நடந்தன.

சுவிட்சை அணைத்தால் நினைவகத்தில் இருந்தது அத்தனையும் போய்விடும். ஆகவே நிரலை வெளியே எங்காவது சேமித்தாக வேண்டும். மலிவான வழி, நாம் சினிமாப் பாட்டுக் கேட்ட அதே ஆடியோ கேசட். நொடிக்குச் சுமார் 50 பைட் வீதம் ஏறும். அந்த 38,911 பைட் நிறைய ஒரு நிரல் இருந்தால், அது ஏறி முடிய 13 நிமிடம் ஆகும்.

கொஞ்சம் கூடுதல் காசு உள்ளவர்கள் 1541 என்ற டிஸ்க் டிரைவை வாங்கினார்கள். ஐந்தேகால் அங்குல பிளாப்பி, தமிழில் நெகிழ்வட்டு, அதற்குள் போகும். வட்டு நிமிடத்துக்கு 300 தடவை சுற்றும். ஒரு பக்கத்தில் 35 வட்டத் தடங்கள். அவற்றில் 683 கட்டங்கள். கட்டம் ஒன்றுக்கு 256 பைட். மொத்தம் 1,74,848 பைட்.

இந்த வட்டுகளுக்கு இன்று வயது நாற்பது. மெல்லிய பிளாஸ்டிக் தாளின் மேல் பூசிய காந்தப் பூச்சு உரிகிறது, பூஞ்சை பிடிக்கிறது. 1541-இல் இன்னொரு தொல்லையும் உண்டு. படிக்கும் முனை முதல் தடத்துக்கு வந்துவிட்டதா என்று அறியும் உணரி அதில் கிடையாது. வழி தவறினால் முனையைப் பின்னோக்கி நகர்த்திக்கொண்டே போய், தடுப்பில் முட்டவைத்துத்தான் அது தன் இடத்தைக் கண்டுகொள்ளும். தடதடவென்று எழும் அந்தச் சத்தம் பயன்படுத்தியவர்களுக்கு மறக்காது. முட்டி முட்டியே முனை கோணலாகிப்போன டிரைவுகள் ஏராளம்.

அசையும் பாகமே இல்லாத சேமிப்பகத்தைத் திடநிலைச் சேமிப்பகம் என்கிறோம். மெமரி கார்டு அந்த இனம். சுழல்வதற்கோ முட்டுவதற்கோ அதில் எதுவும் இல்லை. பழைய கணினியை நேசிப்பவர்கள் அதை நாடியதில் வியப்பில்லை.

டிரைவுக்குள் இன்னொரு கணினி

1541 பெட்டியின் மூடியைக் கழற்றினால் ஒரு ஆச்சரியம் காத்திருக்கிறது. உள்ளே 6502 என்ற செயலி இருக்கிறது. கமடோர் 64-இல் உள்ள 6510 அதன் உடன்பிறப்பு. இரண்டும் ஏறக்குறைய ஒரே வேகத்தில் ஓடுபவை. டிரைவுக்கென்று 2 கிலோபைட் நினைவகமும், வேலை தெரிந்த நிரல் பதிந்த 16 கிலோபைட் சிப்பும் உண்டு. டிரைவும் ஒரு முழுக் கணினிதான். விசைப்பலகையும் திரையும் மட்டும் இல்லை.

இதனால் வந்த விளைவுதான் இந்த அத்தியாயத்தின் மையம். எந்தத் தடம், எந்தக் கட்டம், முனையை எவ்வளவு நகர்த்த வேண்டும் என்பதெல்லாம் கமடோர் 64-க்குத் தெரியவே தெரியாது. அது டிரைவிடம் ஒரு பெயரை மட்டும் சொல்கிறது. மற்றதை டிரைவு பார்த்துக்கொள்கிறது.

அண்ணாச்சி கடையை நினைத்துக்கொள்ளுங்கள். முன்பக்கம் நின்று "அரைக் கிலோ துவரம்பருப்பு" என்கிறோம். உள்ளே எந்த மூட்டையில் இருக்கிறது என்று நமக்குத் தெரியாது. தெரிய வேண்டியதும் இல்லை. அண்ணாச்சி நேற்று மூட்டையை இடம் மாற்றியிருக்கலாம். கடையையே இடித்துக் கட்டியிருக்கலாம். நாம் கேட்கும் விதம் மாறாது, பருப்பு வந்துவிடும். "மூன்றாவது வரிசை, இரண்டாவது தட்டில் உள்ளதைக் கொடுங்கள்" என்று கேட்டுப் பழகியவர், அலமாரி மாறிய அன்றே வெறுங்கையோடு திரும்புவார்.

கமடோர் 64 பெயர் சொல்லிக் கேட்கும் வாடிக்கையாளர்.

ஒரு கோப்பு வந்து சேரும் கதை

அந்த உரையாடலைப் பக்கத்தில் போய்ப் பார்ப்போம். நம் 38,911 பைட் நிரலுக்கு 'ஆட்டம்' என்று பெயர் என்று கொள்வோம். லோட் கட்டளையும் அந்தப் பெயரும் தட்டி, பக்கத்தில் 8 என்ற எண்ணைச் சேர்த்து ரிட்டர்ன் அழுத்துகிறோம். 8 என்பது டிரைவின் அழைப்பு எண், அச்சுப்பொறிக்கு 4.

கணினியையும் டிரைவையும் இணைக்கும் கேபிளில் மூன்று கம்பிகள்தான் பேச்சுக்கு முக்கியம். ஒன்று கவனக் கம்பி, இன்னொன்று தாளக் கம்பி, மூன்றாவது தகவல் கம்பி. கணினி முதலில் கவனக் கம்பியை இழுத்துப் பிடிக்கிறது. இணைந்திருக்கும் எல்லாக் கருவிகளும் காது கொடுக்கின்றன. பிறகு நடப்பதை நம் பேச்சில் எழுதினால் இப்படி இருக்கும்:

"எட்டாம் எண், கேள்."
"நான் சொல்லும் பெயருள்ள கோப்பைத் திற: ஆட்டம்."
"மற்றவர்கள் போகலாம். எட்டாம் எண், இனி நீ பேசு."

இப்போது பாத்திரம் மாறுகிறது. டிரைவு பேச, கணினி கேட்கிறது. யார் எப்போது பேசுவது, எப்படித் தொடங்குவது, முடிந்ததை எப்படித் தெரிவிப்பது என்று இரு தரப்பும் முன்பே ஒத்துக்கொண்ட இந்த விதிகளுக்கு நெறிமுறை என்று பெயர்.

தகவல் பிட் பிட்டாக வருகிறது. ஆங்கில எழுத்து ஏ-யின் எண் 65. அதை எட்டுப் பிட்டுகளாக எழுதினால் 01000001. கடைசிப் பிட்டு முதலில் புறப்படும். ஆகவே கம்பியில் 1, 0, 0, 0, 0, 0, 1, 0 என்று போகும். ஒவ்வொரு பிட்டுக்கும் தாளக் கம்பி ஒரு தட்டுத் தட்டும். கோப்பின் முதல் இரண்டு பைட்டுகள் நிரலின் பகுதி ஆகாது. நினைவகத்தில் எங்கே இறக்க வேண்டும் என்ற முகவரி அவை. 1, 8 என்று வந்தால், எட்டை 256-ஆல் பெருக்கி ஒன்றைக் கூட்ட வேண்டும்: 2049. சாதாரண நிரல் அங்கேதான் தொடங்கும்.

இதே நேரத்தில் டிரைவுக்குள் வேறொரு வேலை நடக்கிறது. பெயர் கிடைத்ததும் அது முனையை 18-ஆம் தடத்துக்கு ஓட்டுகிறது. கோப்புப் பட்டியல் அங்கே இருக்கிறது. அதில் 'ஆட்டம்' எந்தக் கட்டத்தில் தொடங்குகிறது என்று பார்க்கிறது. ஒவ்வொரு கட்டத்தின் முதல் இரண்டு பைட்டிலும் அடுத்த கட்டத்தின் முகவரி எழுதியிருக்கும். மீதி 254 பைட்டில் தகவல். நம் நிரல் 154 கட்டங்களில் பரவியிருக்கும். சங்கிலியைப் பிடித்துக்கொண்டே டிரைவு ஒவ்வொன்றாகப் படித்து அனுப்புகிறது. கடைசிப் பைட்டுக்கு முன் வழக்கத்தைவிடச் சற்று நேரம், 200 மைக்ரோநொடிக்கு மேல், மௌனம் காக்கிறது. இதுதான் கடைசி என்று கணினி புரிந்துகொள்கிறது.

இந்த 154 கட்டங்களில் ஒன்றைக்கூடக் கமடோர் 64 பார்த்ததில்லை. அதற்கு வந்தது பைட்டுகளின் ஒரே வரிசை மட்டும்.

பதில் சொல்பவர் மாறினார்

இப்போது டிரைவைக் கழற்றிவிட்டு அந்தத் தீப்பெட்டி அளவுப் பலகையை அதே கேபிளில் மாட்டுவோம். இந்த வகையில் பரவலானதற்கு எஸ்டி2ஐஇசி என்று பெயர். அதில் நுண்கட்டுப்படுத்தி ஒன்று இருக்கிறது. செயலி, நினைவகம், நிரல் மூன்றையும் ஒரே சிப்பில் அடக்கிய குட்டிக் கணினி அது. வாஷிங் மெஷினிலும் மைக்ரோவேவ் அடுப்பிலும் இருக்கும் அதே இனம்.

"எட்டாம் எண், கேள்" என்று கணினி அழைக்கிறது. பலகை, "கேட்கிறேன்" என்கிறது. 'ஆட்டம்' என்ற பெயர் வருகிறது. கார்டில் அந்தப் பெயரைத் தேடி எடுத்து, பிட் பிட்டாக, அதே தாளத்தில் அனுப்புகிறது. கடைசிப் பைட்டுக்கு முன் அதே மௌனம் காக்கிறது. கமடோர் 64 எந்த வித்தியாசத்தையும் உணர்வதில்லை. உணர வழியும் இல்லை. கம்பியின் மறுமுனையில் இருப்பது யார் என்று பார்க்க அதற்குக் கண் கிடையாது.

ஒரு வேலையை மட்டும் பலகை கவனமாகச் செய்ய வேண்டும். பழைய கணினி 5 வோல்ட்டில் பேசும். கார்டு 3.3 வோல்ட் அளவில் வாழ்வது. நேராக இணைத்தால் கார்டு கெட்டுவிடும். மின்னழுத்தத்தைக் குறைத்துக் கொடுப்பதும் பலகையின் பொறுப்பு.

ஒரு முழு பிளாப்பியை அப்படியே பிரதி எடுத்து ஒரே கோப்பாகக் கார்டில் வைக்கவும் முடியும். அந்தக் கோப்பின் அளவும் அதே 1,74,848 பைட். கொள்ளளவை மட்டும் வைத்து வகுத்தால், 32 ஜிபி கார்டில் 1 லட்சத்து 80 ஆயிரத்துக்கு மேற்பட்ட வட்டுகள் அடங்கும்.

கார்டும் அப்படித்தான்

கதை அதோடு முடியவில்லை. கார்டுக்கு உள்ளேயும் ஒரு குட்டிச் செயலி உட்கார்ந்திருக்கிறது.

கார்டில் தகவலைத் தாங்குவது பிளாஷ் நினைவகம். ஜப்பானில் தோஷிபா நிறுவனத்தில் பணியாற்றிய ஃபூஜியோ மசுவோக்கா 1984-இல் இதை உலகுக்கு அறிவித்தார். மின்காப்புச் சுவரால் சூழப்பட்ட கண்ணுக்குத் தெரியாத தீவு ஒன்றை எண்ணிக்கொள்ளுங்கள். அதற்குள் எலெக்ட்ரான்களைத் திணித்துவிட்டால், மின்சாரத்தை நிறுத்தினாலும் அவை வெளியேற வழியில்லை. எலெக்ட்ரான் இருக்கிறதா இல்லையா என்பதே 0, 1.

இதில் இரண்டு சிக்கல்கள். தீவுகளை ஒவ்வொன்றாக அழிக்க முடியாது. பெரிய கூட்டமாக ஒரே வீச்சில்தான் அழிக்க முடியும். கேமராவின் பிளாஷ் வெட்டுவதுபோல என்று ஒருவர் சொல்லப்போய் வந்த பெயர்தான் அது. அடுத்து, ஒவ்வொரு அழிப்பிலும் சுவர் கொஞ்சம் தேய்கிறது. ஒரே இடத்தில் மீண்டும் மீண்டும் எழுதினால் அந்த இடம் சீக்கிரம் செத்துவிடும். ஆகவே கார்டின் செயலி தகவலை ஓயாமல் இடம் மாற்றி, தேய்மானத்தைப் பங்கிட்டுக்கொடுக்கிறது. வெளியே இருப்பவருக்கு மட்டும் எல்லாம் வரிசை குலையாமல் இருப்பதாகக் காட்டுகிறது.

ஆக, கமடோர் 64-க்கும் எலெக்ட்ரானுக்கும் இடையே இரண்டு அண்ணாச்சிகள் நிற்கிறார்கள். பலகை கமடோருக்குப் பழைய டிரைவாகத் தெரிகிறது. கார்டு பலகைக்கு ஒழுங்கான அலமாரியாகத் தெரிகிறது. உள்ளே மூட்டைகள் நகர்ந்துகொண்டே இருக்கின்றன.

வேகம் ஏன் கூடவில்லை?

பலர் ஏமாறும் இடம் இது. கார்டு நொடிக்குப் பல எம்பி தரக்கூடியது. ஆனால் நம் 'ஆட்டம்' ஏற 1541-இல் சுமார் 97 நொடி ஆகும். சாதாரண முறையில் ஏற்றினால் கார்டிலும் பெரிய மாற்றம் இருக்காது.

காரணம் கம்பியில் இருக்கிறது. கமடோரின் முந்தைய கணினியான விக்-20-இல், பிட்டுகளைத் தானாக நகர்த்த வேண்டிய சிப்பில் ஒரு பிழை இருந்தது. அதனால் அந்த வேலை மென்பொருள் தலையில் விழுந்தது. ஒவ்வொரு பிட்டையும் செயலியே கையால் எடுத்து வைப்பதுபோல ஆயிற்று. கமடோர் 64-இல் நிலைமை இன்னும் மோசமானது. படம் வரையும் சிப் அவ்வப்போது செயலியைச் சுமார் 40 மைக்ரோநொடி நிறுத்திவைக்கும். அந்த இடைவெளியில் ஒரு பிட்டும் தவறிவிடக் கூடாது என்பதற்காக, டிரைவு ஒவ்வொரு பிட்டையும் 60 மைக்ரோநொடி அளவுக்குப் பிடித்துவைக்க வேண்டியிருந்தது. இப்படித்தான் வேகம் நொடிக்கு 400 பைட் என்று இறங்கியது.

நெறிமுறை இருக்கும்வரை அதன் மந்தமும் இருக்கும். புது அண்ணாச்சி எவ்வளவு சுறுசுறுப்பானவராக இருந்தாலும், வாடிக்கையாளர் நிதானமாக எழுத்தெழுத்தாகச் சொன்னால் அதே நேரம்தான்.

குறுக்கு வழியில் போனவர்கள்

அந்தக் காலத்து நிரலாளர்கள் இந்த மந்தத்தைப் பொறுக்கவில்லை. டிரைவுக்குள் ஒரு செயலி இருக்கிறதே, அதையே பயன்படுத்தினால் என்ன என்று யோசித்தார்கள். தாங்கள் எழுதிய சிறு நிரலை டிரைவின் 2 கிலோபைட் நினைவகத்துக்குள் அனுப்பி, வேகமான புதுப் பேச்சு முறையை அங்கேயே நிறுவினார்கள். விளையாட்டுகள் பல மடங்கு வேகமாக ஏறின. திருட்டு நகலைத் தடுக்க நினைத்தவர்களும் இதே வழியில் வட்டில் விசித்திரமான தடங்களை எழுதிவைத்தார்கள்.

அவர்களுடைய திறமை உண்மையிலேயே வியக்கத்தக்கது. ஆனால் இன்று பலகையில் ஓடாமல் நின்றுவிடுபவை இந்த நிரல்கள்தான். எஸ்டி2ஐஇசி பலகையில் 6502 கிடையாது. 6502-க்காக எழுதிய நிரல் வந்து சேர்ந்தால் அதை ஓட்ட முடியாது. பலகை ஒரு உபாயம் செய்கிறது: வரும் பைட்டுகளைக் கூட்டிக் கணக்கிட்டு ஒரு சரிபார்ப்பு எண் எடுக்கிறது. தனக்குத் தெரிந்த பிரபலமான வேகமேற்றியின் எண்ணோடு அது ஒத்துப்போனால், அந்த வேகமேற்றி பேசும் விதத்தில் தானும் பேசுகிறது. தெரியாத எண்ணாக இருந்தால் கைவிரிக்கிறது.

இதற்கும் தீர்வு உண்டு. 1541 அல்டிமேட் என்ற கருவி, பழைய டிரைவின் செயலி முதல் முனையின் நகர்வு வரை மொத்தத்தையும் புதுச் சிப்பில் அப்படியே நடித்துக்காட்டுகிறது. ராஸ்பெரி பை கணினியில் ஓடும் பை1541 அதையே மென்பொருளில் செய்கிறது. பெயர் சொல்லிக் கேட்டவருக்குத் தீப்பெட்டி போதும். அண்ணாச்சியின் கிடங்குக்குள் புகுந்தவருக்குக் கிடங்கையே மறுபடி கட்டிக்கொடுக்க வேண்டியிருக்கிறது.

எண் சொல்லிக் கேட்டவர்கள்

இனி கேமராவுக்கு வருவோம். அது கார்டிடம் பெயர் சொல்லிக் கேட்பதில்லை. "இத்தனையாவது பைட்டிலிருந்து 512 பைட் கொடு" என்று எண் சொல்லிக் கேட்கிறது. அந்த எண்ணுக்கு ஒதுக்கிய இடம் 32 பிட். அதில் 4 ஜிபிக்கு மேல் எண்ண முடியாது. அந்தக் கால எஸ்டி தரம் 2 ஜிபியோடு நிறுத்திக்கொண்டது. 2006-இல் பெரிய கார்டுகள் வந்தபோது கணக்கை மாற்றினார்கள். பைட்டுகளை எண்ணாமல் 512 பைட் கொண்ட தொகுதிகளை எண்ணத் தொடங்கினார்கள். புதுக் கணக்கு தனக்குத் தெரியும் என்று கருவி முதலில் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் கார்டு தயார் நிலைக்கே வராது. 2004-இன் கேமராவுக்கு அதைச் சொல்லத் தெரியாது.

கமடோர் நிறுவனமே 1992-இல் வெளியிட்ட அமிகா 1200-உம் இந்த வலையில் சிக்கியது. அதில் காம்பேக்ட்பிளாஷ் கார்டை இணைக்கச் செயலி எதுவும் வேண்டாம், வெறும் இணைப்பான் போதும். ஆனால் அதன் அன்றைய மென்பொருள் வட்டை எண்களால் கேட்கிறது. 4,29,49,67,296-ஆவது பைட்டோடு எண்கள் தீர்ந்துவிடும். அதைத் தாண்டி எழுதினால், பழைய ஸ்கூட்டரின் கிலோமீட்டர் மானி சுற்றி வந்து சுழியத்தில் நிற்பதுபோல, வட்டின் தொடக்கத்தில் போய் எழுதிவிடும். அங்கே இருந்த தகவல் பாழ்.

பிபிசி மைக்ரோ பெயர் சொல்லும் கட்சி. இந்தியப் பள்ளிகளில் 1984-இல் தொடங்கிய கிளாஸ் திட்டத்தின் வழியாக வகுப்பறைகளுக்கு வந்த கணினி அது. கோப்பு வேண்டும் என்ற கோரிக்கையை அது யாருக்கும் கைமாற்றிவிடும். பதில் சொல்லும் நிரலைத் தனிச் சிப்பாகச் செருகலாம். இன்று அதே இடத்தில் எஸ்டி கார்டுக்கான நிரலைச் செருகுகிறார்கள், கணினி ஏற்றுக்கொள்கிறது.

நம் புதிருக்கு விடை கிடைத்துவிட்டது. கருவியின் வயது அதன் ஆயுளைத் தீர்மானிப்பதில்லை. என்ன வேண்டும் என்று மட்டும் கேட்ட கணினி, பதில் தரும் பொருள் மூன்று தலைமுறை மாறிய பிறகும் வாழ்கிறது. எங்கே இருக்கிறது என்பதையும் தானே சொல்ல முயன்றது, இடம் மாறியதும் நின்றுவிட்டது. இன்று மென்பொருள் எழுதும் மாணவர்கள் எந்தப் பாடநூலிலும் படிக்கலாம் இதை. ஒரு கமடோர் 64-இல் கண்ணால் பார்த்தால் மறக்காது.

உங்களிடம் பழைய பெட்டி இருந்தால்

உங்கள் வீட்டிலோ பள்ளிப் பரணிலோ இத்தகைய கணினி கிடந்தால், எடுத்தவுடன் சுவிட்சைப் போடாதீர்கள். கமடோர் 64-இன் பழைய மின்பெட்டிகள் முதுமையில் 5 வோல்ட்டுக்கு மேல் அனுப்பி உள்ளே உள்ள சிப்புகளை எரித்துவிடும். முதலில் மின்னழுத்தத்தை அளந்து பாருங்கள், அல்லது புது மின்பெட்டி வாங்குங்கள். பிளாப்பியில் பூஞ்சை தெரிந்தால் டிரைவில் போடாமல், துடைக்கத் தெரிந்தவரிடம் கொடுங்கள்.

பிறகு ஒவ்வொரு வட்டையும் கார்டுக்குப் பிரதி எடுங்கள். கார்டும் அழியாப் பொருள் என்று நினைக்க வேண்டாம். தீவில் அடைபட்ட எலெக்ட்ரான்கள் ஆண்டுகள் செல்லச் செல்ல மெல்லக் கசியும். ஆகவே இன்னொரு பிரதியை வேறு இடத்தில் வையுங்கள். கணினி இன்னும் பெயர் சொல்லிக் கேட்கத் தயாராகவே இருக்கிறது. அது கேட்கும்போது கொடுக்க, வட்டில் உள்ளது உரிந்து போவதற்குள் எடுத்து வைப்பது நம் கையில்தான் இருக்கிறது.